42-ஆம் சங்கீதத்தின் மூன்றாம் வசனத்தையும் பாடுங்கள்

சபைகளில் ஆராதனை நடத்துகிற அன்பான சகோதர சகோதரிகளுக்கு,

ஸ்தோத்திரம். ஒரு ஞாயிறு ஆராதனைக்கு நீங்கள் எவ்வளவு ஜெபித்துப் பாடல்களைத் தேர்ந்தெடுக்கிறீர்கள், எத்தனை மணி நேரம் பயிற்சி எடுக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். உங்கள் உழைப்பால் பலன் பெற்றவர்களில் நானும் ஒருவன். அந்த நன்றியோடுதான் ஒரு வேண்டுகோளை எழுதுகிறேன்.

என் அம்மாவை அடக்கம் செய்த அடுத்த ஞாயிறு ஆலயத்துக்குப் போயிருந்தேன். அன்று பாடியதெல்லாம் வெற்றி, மகிழ்ச்சி, ஆசீர்வாதம். எந்தப் பாட்டிலும் ஒரு குறையும் இல்லை. ஆனால் என் வாயிலிருந்து ஒரு வரிகூட வரவில்லை. கைதட்டச் சொன்னார்கள், தட்டினேன். வீட்டுக்கு வந்து வேதத்தைத் திறந்து, அதிலுள்ள 150 பாடல்களின் தொகுப்பான சங்கீத புத்தகத்தில் 42-ஆம் சங்கீதத்தை வாசித்தேன். மான் நீரோடையை வாஞ்சிக்கிற அந்த முதல் வசனத்தைப் பாடாத சபை உண்டா? மூன்றாம் வசனமோ, "இரவும் பகலும் என் கண்ணீரே எனக்கு உணவாயிற்று" என்கிறது. அதை ஆராதனையில் பாடி நான் கேட்டதே இல்லை.

அதற்கு அடுத்த வசனத்தைப் பாருங்கள். அழுகிறவன் எதை நினைத்து உருகுகிறான்? ஜனங்களோடு கூட நடந்து, துதியின் சத்தத்தோடு தேவாலயத்துக்குப் போய்வந்த நாட்களை. தேவன் தனியறையில் இருக்கிறவனுக்கும் செவிகொடுக்கிறார், அது அவனுக்கும் தெரியும். இருந்தும் அவனுக்குக் கூட்டம் வேண்டியிருக்கிறது. ஏன் கூடிவருகிறோம் என்று யாராவது என்னைக் கேட்டால் இந்த இடத்தைத்தான் காட்டுவேன். சங்கீதங்களாலும் கீர்த்தனைகளாலும் ஞானப்பாட்டுகளாலும் "ஒருவருக்கொருவர்" புத்திசொல்லும்படி பவுல் கொலோசெயருக்கு எழுதினார். நாம் தேவனை நோக்கிப் பாடும்போது பக்கத்தில் இருப்பவரும் கேட்கிறார். இன்று என்னால் பாட முடியாததை அவர் எனக்காகப் பாடுகிறார். அடுத்த மாதம் அவர் வாயடைத்து நிற்கும்போது நான் பாடுவேன்.

நம் ஆண்டவரே இந்தப் பாடல்களை வைத்துத்தான் ஜெபித்தார். கடைசி இராப்போஜனத்துக்குப் பின் ஸ்தோத்திரப்பாட்டைப் பாடிவிட்டு ஒலிவமலைக்குப் போனார்கள் என்கிறது மத்தேயு சுவிசேஷம். எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து விடுதலையானதை நினைவுகூரும் பஸ்கா பண்டிகை இரவில் 113 முதல் 118 வரையுள்ள சங்கீதங்களைப் பாடுவது யூதர் வழக்கம். அன்று பாடியதும் அவையே என்று வேத அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். அவற்றில் 116-ஆம் சங்கீதம் மரணக்கட்டுகள் தன்னைச் சுற்றிக்கொண்டதைச் சொல்கிறது. அதைப் பாடிவிட்டு, தாம் பிடிபடப்போகிற கெத்செமனே தோட்டத்துக்கு நடப்பது எப்படி இருந்திருக்கும்! சிலுவையில் "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" என்று கூப்பிட்டது 22-ஆம் சங்கீதத்தின் முதல் வரி. "உமது கையில் என் ஆவியை ஒப்புவிக்கிறேன்" என்பது 31-ஆம் சங்கீதம்.

"துக்கத்தைப் பாடினால் அது துதியாகுமா?" என்று உங்களில் சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். எபிரெயர் இந்த 150 பாடல்களுக்கும் சேர்த்து வைத்த பெயர் 'தெஹில்லிம்', அதாவது துதிகள். ஆறுதல் சொல்லாமலே முடிந்துபோகிற 88-ஆம் சங்கீதமும் அந்தப் பெயருக்குள்தான் இருக்கிறது. அதைப் பாடியவன் கடைசிவரை இருட்டில் நிற்கிறான், ஆனால் "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே" என்றுதான் தொடங்குகிறான். பதில் வராத இரவிலும் அவரையே கூப்பிடுவதைவிடப் பெரிய துதி எனக்குத் தெரியவில்லை.

சந்தோஷப் பாடல்களைக் குறைக்கச் சொல்லவில்லை. 136-ஆம் சங்கீதத்தில் "அவர் கிருபை என்றுமுள்ளது" என்று 26 முறை வருகிறதே, அதை 26 முறையும் சத்தமாகப் பாடுவோம். நான் கேட்பது இவ்வளவுதான்: வாரம் ஒரு சங்கீதத்தை, பிடித்த வசனத்தை மட்டும் பிய்த்தெடுக்காமல், முழுவதுமாகச் சபையாகச் சொல்லுங்கள் அல்லது பாடுங்கள். மெட்டு இல்லாவிட்டால் நீங்கள் ஒரு வசனம், சபை ஒரு வசனம் என்று மாறி மாறி வாசித்தாலே போதும். 117-ஆம் சங்கீதத்துக்கு இரண்டே வசனங்கள். 176 வசனங்கள் உள்ள 119-ஐ மட்டும், எபிரெய எழுத்துகளின்படி ஏற்கெனவே பிரிந்திருக்கிற 22 பகுதிகளாக எடுத்துக்கொள்ளலாம். எதிரிகளுக்குச் சாபம் சொல்லும் சங்கீதங்கள் வரும்போது போதகர் இரண்டு நிமிடம் விளக்கட்டும். அப்படிப் போனால் சுமார் மூன்றேகால் வருடத்தில் முழுப் புத்தகமும் சபையின் வாயில் வந்துவிடும்.

வருகிற ஞாயிறே 42-ஆம் சங்கீதத்தோடு தொடங்குங்கள். மூன்றாம் வசனம் வரும்போது கொஞ்சம் மெதுவாகப் போங்கள், பின்வரிசையில் யாராவது அதற்காகவே வந்திருப்பார்கள்.

கிறிஸ்துவின் அன்பில்,
உங்களோடு பாடும் ஒரு சகோதரன்