பாதியில் நின்ற கட்டடம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசுக் கட்டடம் எது பாதியில் நின்றாலும், ‘கான்ட்ராக்டர் சுருட்டிக்கொண்டு ஓடிவிட்டான்’ என்று சொல்வது நம் பக்கத்து வழக்கம். அப்படி ஓடியவர்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால், ஓடாமலேயே கட்டடம் பாதியில் நின்றுபோன ஒப்பந்ததாரர் நான்.

2022 தொடக்கத்தில், தாமிரபரணிக் கரையோரக் கிராமம் ஒன்றில் சமுதாய நலக்கூடம் கட்டும் பணியை எடுத்தேன். அஸ்திவாரம் முடிந்த நேரத்தில், மே மாதம், அடைமிதிப்பான்குளம் கல்குவாரியில் பாறை சரிந்து உயிர்கள் பலியாயின. அதையடுத்து திருநெல்வேலி மாவட்டத்தின் குவாரிகள் ஆய்வுக்காக நிறுத்தப்பட்டது நியாயமே. ஆனால், தாமிரபரணியில் மணல் அள்ள உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2010-லேயே தடை விதித்துவிட்ட நிலையில், குவாரியிலிருந்து எம்-சாண்டும் (பாறையை உடைத்துச் செய்யும் மணல்) ஜல்லியும் வராவிட்டால் கான்கிரீட் ஏது? ஜூலை 18-இல் அரசுக் கட்டுமான ஒப்பந்தப் பணிகளுக்கான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 18 சதவீதமானது. கூடுதல் 6 சதவீதம் யார் தலையில் என்ற கடிதப் போக்குவரத்திலேயே மாதங்கள் கரைந்தன. ஒருவழியாகத் தூண்கள் லிண்டல் மட்டத்தை, அதாவது கதவு, ஜன்னல்களின் மேல்மட்டத்தைத் தொட்டபோது, 2023 டிசம்பர் 17, 18 தேதிகளின் பெருவெள்ளம் சென்ட்ரிங் பலகைகளை அடித்துச் சென்றது. ஷெட்டில் அடுக்கியிருந்த சிமென்ட், மூட்டை வடிவிலேயே கல்லாகிக் கிடந்தது. பிறகு வந்தது, ‘பணியில் மெத்தனம்’ என்று ஒப்பந்தத்தை ரத்து செய்த உத்தரவு. காப்புத்தொகையும் போயிற்று.

நிறைவேற்றவே இயலாமல் போன ஒப்பந்தம் செல்லாது என்கிறது 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 56-ஆம் பிரிவு. வெறும் விலையேற்றத்துக்கு அது பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் தெளிவுபடுத்தியிருப்பதால், சிமென்ட் விலைக்காக நான் புலம்பவில்லை. என் பணி அப்பிரிவுக்குள் வரும் என்று வாதாடவும் இல்லை. குவாரி நின்ற நாட்களுக்கும் வெள்ள நாட்களுக்கும் ஈடாகக் காலநீட்டிப்பு தர வேண்டும் என்பதே என் கோரிக்கை. ரத்து செய்தே ஆக வேண்டுமென்றால், தவறு யாருடையது என்ற விசாரணையைப் பிறகு வைத்துக்கொண்டு, ஒரு வாரத்துக்குள் இரு தரப்பும் சைட்டில் நின்று, முடிந்த வேலையை அளந்து, அளவுப் புத்தகத்தில் (முடிந்த வேலையின் அளவைப் பதியும் அரசுப் பதிவேடு) ஏற்ற வேண்டும். வெளியே நீட்டியிருக்கும் கம்பிகள் துருப்பிடிக்காதிருக்கச் சிமென்ட் பாலாவது பூச வேண்டும்.

என் கட்டடத்தில் இவ்விரண்டும் நடக்கவில்லை. மழை பெய்தால் தூண்களில் துரு செந்நீராய் வழிகிறது. அடுத்து ஒப்பந்தம் எடுப்பவர் அரித்துப்போன கம்பிகளை வெட்டியெறிந்து, தூணைக் கொத்தி, புதுக் கம்பி சேர்த்துத்தான் மேலே போக முடியும். அந்தச் செலவு புதிய மதிப்பீட்டில்தான் ஏறும்.

இப்படிக்கு,
கட்டட ஒப்பந்ததாரர் ஒருவர்,
பாளையங்கோட்டை.