பிரேக் ஒயில் ஒழுக்கு நின்ற பிறகும் சாவி தர ஏன் தாமதம்?

மதிப்புக்குரிய வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

போன கிழமை ஒரு வேன் வந்தது. பின் இடது சில்லின் உள்பக்கம் பிரேக் ஒயில் வழிந்து டயரெல்லாம் ஈரம். டிரம்மைக் கழற்றினால், பிரேக் சூக்களைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பர் கிழிந்திருந்தது. புதுச் சிலிண்டர் போட்டோம். ஒயிலில் ஊறிய பிரேக் சூக்களையும் மாற்றினோம். கழுவிக் காயவைத்தாலும் அவற்றை நம்ப முடியாது. "ஒழுக்குத்தான் நின்றாச்சே, ஒயிலை ஊத்திட்டுச் சாவியைத் தாங்க தம்பி, ஹயருக்கு நேரமாகுது" என்றார் உரிமையாளர். நாங்கள் தரவில்லை. அவருக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்தான்.

பைப்பைக் கழற்றினாலே உள்ளே காற்று புகுந்துவிடும். ஒயில் அமுங்காது, காற்று அமுங்கும். நீங்கள் மிதிக்கிற மிதியெல்லாம் அந்தக் காற்றை நசுக்குவதிலேயே தீர்ந்துபோகும். பெடல் பஞ்சு மாதிரி இறங்கும். நுவரெலியா டவுனுக்குள் எப்படியோ சமாளிக்கலாம். ரம்பொடை இறக்கத்திலோ ரதல்ல குறுக்கு வீதிச் சரிவிலோ என்ன செய்வீர்கள்?

இந்தக் காற்றை வெளியேற்றுவதைத்தான் எயார் எடுப்பது என்போம். அது இரண்டு ஆள் வேலை. ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, மற்றவர் சில்லருகே குந்தி, காற்றும் ஒயிலும் வெளியேறும் சின்னத் திருகான நிப்பிளைத் திறப்பார். நிப்பிளை மூடுவதற்குள் காலை எடுத்தால் காற்று திரும்பவும் உள்ளே போகும். எங்கள் பொடியன்கள் வாங்கும் முதல் ஏச்சு இதற்காகத்தான்! நிப்பிளில் மாட்டிய, உள்ளே தெரியும் டியூபின் மறுமுனை போத்தல் ஒயிலில் மூழ்கியிருக்கும். முதலில் சோடா போல நுரை வரும், அப்புறம் ஒன்றிரண்டு குமிழி, பிறகு வெறும் ஒயில். அதற்குப் பிறகுதான் அடுத்த சில்லு. பெரும்பாலும், பெடலை மிதித்தால் ஒயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சில்லில் தொடங்குவோம். சில வண்டிகளுக்குக் கம்பனி சொல்லும் வரிசை வேறு. இடையில் ஒயில் டாங்கி வற்றினால் எல்லாம் முதலிலிருந்து.

வடித்த ஒயிலைத் திரும்ப ஊற்ற மாட்டோம். வீட்டில் மாதக்கணக்காகத் திறந்து கிடக்கும் போத்தலையும் தயவுசெய்து கொண்டு வராதீர்கள். பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். நம்மூர்ப் பனியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். டொட் 4 என்ற தரப் பிரேக் ஒயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறியதும் அந்த எல்லை 155 பாகை வரை இறங்கிவிடும். நீண்ட இறக்கத்தில் பிரேக்கிலேயே கால் வைத்து வந்தால் சூட்டில் அது ஆவியாகி, மறுபடி அதே பஞ்சுப் பெடல்தான்.

கடைசியில் எஞ்சினை ஓடவிட்டு, பெடலை ஒரு நிமிடம் அழுத்திப் பிடிப்போம். மெல்ல மெல்ல அடிவரை இறங்கினால் மாஸ்டர் சிலிண்டரையும் பார்க்க வேண்டும். இறங்காவிட்டால் சரி, ரோட்டில் ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்போம். பிறகு நீங்களே மிதித்துப் பாருங்கள். பில் அதற்கு அப்புறம்தான்.

இப்படிக்கு,
கராஜ் நிர்வாகம், நுவரெலியா