டர்போ கார்களின் சைலன்சர் பைப்பை வீட்டிலேயே மாற்ற நினைக்கும் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பார்ந்த வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். அண்மைக் காலமாக எங்கள் பட்டறைக்கு வரும் டர்போ கார்கள் சில, வீட்டு முற்றத்தில் பைப் அறுக்கப்பட்டு, வெல்டு வைக்கப்பட்டு, டேஷ்போர்டில் இன்ஜின் விளக்கு எரிந்தபடி வந்து சேர்கின்றன. "ஏனுங்ணா, பைப்பைக் கொஞ்சம் பெருசாக்குனது ஒரு தப்புங்களா?" என்று உரிமையாளர்கள் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதுதான். லேத்துப் பட்டறையும் ஃபவுண்டரியும் நிறைந்த கோயம்புத்தூரில் இரும்பை அறுத்து ஒட்டுவது யாருக்கும் பெரிய வித்தை அல்ல. எனவே எந்த வேலையை நீங்களே பார்த்துக்கொள்ளலாம், எதில் கை வைக்கக் கூடாது, எதை நாங்களே செய்து தர மறுக்கிறோம் என்பதைக் காரணத்தோடு எழுதிவிடுவது நல்லது என்று கருதுகிறோம்.

டர்போ என்பது இன்ஜினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தி அனுப்பும் கருவி. இன்ஜினிலிருந்து வெளியேறும் சூடான புகைதான் அதன் சுழல்சக்கரமான டர்பைனைச் சுழற்றுகிறது. சிறிய டர்போக்களில் அந்தச் சுழற்சி நிமிடத்துக்கு 2,00,000 சுற்றுகளைத் தொடக்கூடும். உடுமலைப் பக்கத்துக் காற்றாலைக்குப் பின்னால் ஒரு மலைச்சுவர் நின்றால் இறக்கை எப்படிச் சோம்பிச் சுற்றுமோ, அப்படித்தான் டர்பைனுக்குப் பின்னால் உள்ள பைப் நெருக்கமாக இருந்தால் டர்போவும் மந்தமாகும். ஆகவே டர்போ காரில் பின்பக்க அழுத்தம் குறைவது நல்லது என்ற பேச்சில் உண்மை இருக்கிறது. "கொஞ்சமாவது பேக் பிரஷர் இருக்க வேண்டும்" என்று சிலர் சொல்லும் அறிவுரை டர்போவுக்குப் பின்னால் உள்ள பைப்புக்குப் பொருந்தாது.

ஆனால் டர்போ தள்ளும் காற்றழுத்தம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது பைப் அல்ல, இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசிஎம். கம்பெனி நிர்ணயித்த அழுத்தம் வந்தவுடன் அது வேஸ்ட்கேட் என்ற வால்வைத் திறந்து, மிச்சப் புகையை டர்பைனுக்குப் போகவிடாமல் திருப்பிவிடுகிறது. 1.0 அல்லது 1.2 லிட்டர் இன்ஜினுக்கு 3 அங்குல பைப் மாட்டினாலும், இசிஎம் பழைய கணக்கிலேயே ஓடுவதால், கூடுவது பெரும்பாலும் சத்தம் மட்டுமே. அதைவிடக் கவலைக்குரிய நிலையும் உண்டு. புகை தடையில்லாமல் பாயும்போது, சிறிய வேஸ்ட்கேட் முழுதாகத் திறந்தும் போதாமல், அழுத்தம் வரம்பைத் தாண்டி ஏறக்கூடும். அப்போது இசிஎம் பவரைக் குறைத்துவிட்டால், திம்பம் மலைப்பாதையில் லாரியை முந்தும் நேரத்தில் கார் சோர்ந்து நிற்கும்.

டர்போவிலிருந்து, புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் வரையிலான பகுதியை வீட்டில் திறக்கவே வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். கன்வெர்ட்டர் வேலை செய்யத் தொடங்க ஏறக்குறைய 250 முதல் 300 டிகிரி செல்சியஸ் சூடு தேவைப்படுவதால், இன்றைய பெட்ரோல் டர்போ கார்கள் பலவற்றில் அதை டர்போவை ஒட்டியே வைத்திருக்கிறார்கள். அதற்கு முன்னும் பின்னும் ஆக்சிஜன் சென்சார்கள் இருக்கின்றன. முன் சென்சாருக்கு முன்பாக மயிரிழை ஓட்டை இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டு, பெட்ரோல் போதவில்லை என்று சென்சார் தவறாகச் சொல்லும். இசிஎம் அதை நம்பிப் பெட்ரோலைக் கூட்டும். இணைப்பை இறுக்கும் பழைய ஸ்டட்களும் (திருகாணிகள்) இந்த இடத்தில் சூட்டில் இறுகிப்போயிருக்கும். ஊடுருவும் எண்ணெயை ஊற்றி ஊறவிட்டு, சூடு காட்டி, மெல்ல முன்னும் பின்னுமாகத் திருப்பிக் கழற்ற வேண்டியதை ஸ்பேனரில் நீளமான பைப் போட்டு ஒரே திருப்பாகத் திருப்பினால், ஸ்டட் டர்போ உடம்புக்குள்ளேயே முறிந்து நிற்கும். பிறகு அதை ட்ரில் போட்டு எடுக்கும் கூலியில் ஒரு புதிய சைலன்சரே வாங்கிவிடலாம்.

கன்வெர்ட்டரையோ டீசல் காரின் கரித்துகள் வடிகட்டியான டிபிஎஃப்பையோ குடைந்து எடுத்துத் தரும்படி யார் கேட்டாலும் நாங்கள் செய்வதில்லை. 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்6 எனும் புகை வரம்பு விதிகளும், 2023 ஏப்ரல் 1 முதல் சாலையில் ஓடும்போதே புகையை அளக்கும் அதன் இரண்டாம் கட்டமும் நடைமுறையில் உள்ளன. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடை செய்கிறது. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க 182ஏ பிரிவு இடம் தருகிறது. சத்தம், புகை வரம்புகளை மீறினால் 190ஆம் பிரிவின்படி முதல் முறையே 10,000 ரூபாய் வரை அபராதமும், 3 மாதம் வரை சிறையும், 3 மாதத்துக்கு ஓட்டுநர் உரிமத் தகுதியிழப்பும் வரலாம். செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தயத் தடத்தில் மட்டும் ஓட்டுவதற்கென்று ஒரு காரைத் தயார் செய்கிறவர்கள் அதை லாரியில் ஏற்றிக்கொண்டு போகட்டும்; அவிநாசி சாலையில் ஓட்டிக்கொண்டு போவது வேறு சங்கதி.

கன்வெர்ட்டருக்குப் பின்னால் உள்ள வேலைகளை, பொறுமை உள்ளவர்கள் வீட்டில் தாராளமாகச் செய்யலாம். நைந்த ஹேங்கர் ரப்பர், துருப்பிடித்த கிளாம்பு, ஊதிப்போன கேஸ்கெட், ஓட்டை விழுந்த பின் சைலன்சருக்கு அதே அளவில் மாற்று என்பவை அந்த வகை. ஹேங்கர் ரப்பரை அற்பமாக எண்ண வேண்டாம். அது அறுந்தால் பைப்பின் எடை முன்னால் போய் டர்போவின் ஃபிளாஞ்சில் (இணைப்புத் தட்டில்) தொங்கும். காரைத் தூக்கியபின் ஜாக் ஸ்டாண்டு மேல்தான் நிறுத்த வேண்டும். வீடு கட்டி மிஞ்சிய ஹாலோ பிளாக்கை முட்டுக்கொடுக்கும் வழக்கத்தைப் பலரிடம் பார்க்கிறோம். அந்தக் கல் எச்சரிக்கை எதுவும் தராமல் ஒரு நொடியில் பொடியாகும். கீழே படுத்திருப்பவருக்கு விலகிக்கொள்ள நேரம் இருக்காது.

கசிவைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. இன்ஜின் முழுக்க ஆறியிருக்கும்போது, திறந்தவெளியில் ஸ்டார்ட் செய்து, தடித்த ஈரத்துணியால் ஒருவர் பின்வாயைச் சில நொடிகள் லேசாக அடைத்துப் பிடிக்க, மற்றவர் பக்கவாட்டில் நின்று காது கொடுத்தால், கசியும் இணைப்பு "புஸ் புஸ்" என்று காட்டிக்கொடுக்கும். அந்த இடத்தில் சோப்புத் தண்ணீர் தடவினால் நுரை கிளம்பும். பழைய கசிவாக இருந்தால் இணைப்பைச் சுற்றிக் கரிக்கோடு படிந்திருக்கும்.

வெல்டிங் வைப்பதாக இருந்தால் பைப்பைக் கழற்றி வெளியே வைத்துச் செய்வதே உத்தமம். காரில் மாட்டியபடி செய்ய நேர்ந்தால் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டு, எர்த் கிளாம்பை வெல்டு வைக்கும் இடத்துக்கு அருகிலேயே மாட்டுங்கள். தவறினால் மின்சாரம் சென்சார், டர்போ பேரிங் வழியாகப் பாய இடம் உண்டு. கிணற்று மோட்டாருக்கு வாங்கிய ஜிஐ பைப் மிச்சம் இருக்கிறதே என்று எடுக்க வேண்டாம். அதன் துத்தநாகப் பூச்சு எரிந்து வரும் வெண்புகையை மூச்சில் இழுத்தவருக்கு அன்றிரவே குளிரும் காய்ச்சலும் வரும். குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்த இடத்தில் வெல்டு வைத்தால் உண்டாகும் ஃபாஸ்ஜீன் வாயு உயிரையே பறிக்கக்கூடியது. பைப்பை வளைக்க மணல் அடைக்கிறவர்கள் அது எலும்பாகக் காய்ந்த மணலா என்று பாருங்கள். ஈரம் இருக்க இரு முனையையும் அடைத்துச் சூடேற்றினால் நீராவி வெடித்துக் கிளம்பும்.

துருப்பிடிக்காத எஃகான எஸ்எஸ் 304 பைப்பை விரும்பி வாங்குகிறவர்கள் ஒன்றைக் கணக்கில் கொள்ள வேண்டும். ஒன்றரை மீட்டர் நீளமுள்ள அந்தப் பைப், 400 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் நீளும். சாதாரண இரும்பு 7 மில்லிமீட்டர் அளவில் நிற்கும். அந்த நீட்சியையும் இன்ஜினின் அசைவையும் வாங்கிக்கொள்ளத்தான் நடுவில் ஃபிளெக்ஸ் பைப் (வளைந்து கொடுக்கும் பைப்) இருக்கிறது. அதை எடுத்துவிட்டு நேர் பைப் வைத்து ஒட்டினால் விரிசல் விழுவது உறுதி. எங்கே என்பதுதான் கேள்வி.

விரிசல் காரின் அடித்தளத்துக்குக் கீழே விழுந்தால் கார்பன் மோனாக்சைடு உள்ளே ஏறும். அதற்கு மணமோ நிறமோ இல்லை. பைப் வேலை முடிந்த காரில் போகும்போது வண்டியில் உள்ள அனைவருக்கும் ஒன்றாகத் தலைவலியோ மயக்கமோ வந்தால், மலைப்பாதைக் கிறுகிறுப்பு என்று எண்ணாமல் உடனே நிறுத்தி, கதவுகளைத் திறந்து எல்லோரும் வெளியே வந்துவிடுங்கள். அடைத்த ஷெட்டுக்குள் இன்ஜினை ஓடவிடவே கூடாது.

பைப் வேலைக்குக் காரை எங்களிடம் கொண்டுவருகிறவர்கள் முந்தைய நாள் மாலையே விட்டுச் செல்வது வசதி. டர்போப் பக்கம் இரவு முழுக்க ஆறினால்தான் காலையில் ஸ்டட் முறியாமல் கழற்ற முடிகிறது. ஆர்சி நகலையும் புகைச் சான்றையும் உடன் கொண்டுவாருங்கள். வீட்டில் ஏற்கெனவே அறுத்து எடுத்த பழைய பைப், கன்வெர்ட்டர், சென்சார் எதுவானாலும் பழைய இரும்புக் கடைக்குப் போட்டுவிடாமல் வண்டியிலேயே எடுத்து வாருங்கள். பழைய நிலைக்குத் திருப்ப அவைதான் அளவு.

இப்படிக்கு,
பட்டறை நிர்வாகத்தினர்,
கணபதி, கோயம்புத்தூர்.