எந்த வெள்ளணுவை?

ஆசிரியருக்கு,

'எச்.ஐ.வி. வெள்ளணுக்களை அழிக்கிறது' என்று பொத்தாம்பொதுவாக எழுதி முடித்துவிடுகிறோம். எந்த வெள்ளணுவை என்பதில்தான் விஷயமே இருக்கிறது. அதைப் பெருமளவு தீர்மானிப்பவை வைரஸின் மரபணுக்கள்.

வைரஸின் மேலுறைப் புரதத்தை உருவாக்குவது 'என்வ்' மரபணு. அந்தப் புரதம் முதலில் வெள்ளணுவின் மேலுள்ள சி.டி.4 என்ற ஏற்பியை, அதாவது வைரஸ் ஒட்டிக்கொள்ள இடம்தரும் புரதத்தை, பற்றிக்கொள்ளும். அது மட்டும் போதாது, சி.சி.ஆர்.5 அல்லது சி.எக்ஸ்.சி.ஆர்.4 என்ற துணை ஏற்பியும் வேண்டும் என்பது 1996இல் தெரியவந்தது. மேலுறையின் 'வி3' பகுதியில் ஓரிரு அமினோ அமிலங்கள் மாறினாலே வைரஸ் ஒன்றை விட்டு மற்றொன்றுக்குத் தாவக்கூடும். பெரும்பாலும் சி.சி.ஆர்.5ஐப் பயன்படுத்தும் வைரஸ் வகையே புதிதாக ஒருவருக்குத் தொற்றுகிறது. சி.எக்ஸ்.சி.ஆர்.4 வகை தலைகாட்டினால், அதுவரை தப்பியிருந்த 'நைவ்' டி செல்களும் (தமக்குரிய கிருமியை இன்னும் சந்திக்காத வெள்ளணுக்கள்) அதன் கைக்குள் வந்துவிடுகின்றன.

உள்ளே நுழைந்தாலும் வேலை முடிவதில்லை. மேக்ரோஃபேஜ், டென்ட்ரிடிக் செல்கள் என்ற வேறு வகை வெள்ளணுக்களில் சாம்எச்டி1 என்ற புரதம், வைரஸ் தன் டி.என்.ஏ.வை ஆக்கத் தேவையான மூலப்பொருளைச் சிதைத்து வைரஸைப் பட்டினி போடுகிறது. எச்.ஐ.வி.யின் இரு வகைகளில் ஒன்றான எச்.ஐ.வி.-2 தன் 'வி.பி.எக்ஸ்' மரபணுவின் புரதத்தால் அந்தக் காவலையே ஒழித்துக்கட்டுகிறது. எச்.ஐ.வி.-1இல் அந்த மரபணு இல்லை. ஆனாலும் கொடியது எச்.ஐ.வி.-1தான், விந்தைதான்!

இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. எச்.ஐ.வி.க்கான மராவிராக் மருந்து சி.சி.ஆர்.5 வகையிடம் மட்டுமே பலிக்கும். ஆகவே, அதைக் கொடுக்குமுன் வைரஸ் எந்த வகை என்று சோதிக்கிறார்கள். இதை விளக்கி ஒரு கட்டுரை வெளியிட வேண்டுகிறேன்.

– ஒரு வாசகர்