பத்தாம் வகுப்போடு தட்டும் போய்விடுகிறது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மார்ச் பிறந்தாலே உங்கள் பத்திரிகையின் மாவட்டப் பக்கத்தில் பள்ளிகளின் பிரிவு உபசார விழாப் படங்கள் வரிசை கட்டி வருகின்றன. பெரிய மேடை, பூங்கொத்து, ஒரே கலரில் புடவை கட்டிய பிள்ளைகள். போன வெள்ளிக்கிழமை எங்கள் பள்ளியிலும் விழா நடந்தது. படம் வரவில்லை, யாரும் அனுப்பவும் இல்லை. கொல்லிமலையில் இருக்கிற ஒரு சின்ன அரசு உயர்நிலைப் பள்ளி அது. பத்தாம் வகுப்பில் மொத்தமே 9 பேர், பெண்பிள்ளைகள் ஐந்து, பையன்கள் நான்கு. நான் அங்கே சத்துணவு அமைப்பாளர். பிள்ளைகளுக்கு 'சத்துணவு டீச்சர்'.

பத்தாம் வகுப்புக்கு ஒன்பதாம் வகுப்புதான் விருந்து வைக்க வேண்டும், அது எல்லாப் பள்ளியிலும் உள்ள வழக்கம். ஆளுக்கு 30 ரூபாய் போட்டுச் செம்மேட்டில் கேக்கும் மிக்சரும் வாங்கி வந்தார்கள். கடையில் தயாராக இருந்த கேக்கில் 'ஹேப்பி பர்த்டே' என்று எழுதியிருந்தது. வரும் வழியிலேயே ஒருத்தி 'பர்த்டே'யைக் கரண்டியால் வழித்து எடுத்துவிட்டாள். மிச்சம் இருந்த 'ஹேப்பி'யை வெட்டினார்கள். பெண்பிள்ளைகள் அம்மாவின் புடவையைக் கட்டிக்கொண்டு, கொசுவம் அவிழ்ந்துவிடுமோ என்று இடுப்பைப் பிடித்தபடியே நடந்தார்கள். ஒரு பையன் பதினொரு மணிக்குத்தான் வந்தான். மிளகுப் பறிப்புக் காலம். விடிந்ததும் அப்பாவோடு போய்ச் சில்வர் ஓக் மரத்தில் மூங்கில் ஏணியைச் சாத்திப் பறித்துவிட்டு, குளித்து, வேட்டி கட்டி வந்திருக்கிறான். விரல் நுனி மட்டும் கறுத்திருந்தது.

ஒன்பது பேர்தான் என்பதில் ஒரு நன்மை உண்டு. எல்லோருக்கும் பேசச் சந்தர்ப்பம் கிடைக்கும். பெரிய பள்ளியில் லீடர் மட்டும்தான் பேசுவார். இங்கே ஆறாம் வகுப்பில் ஜன்னல் கண்ணாடியை உடைத்தது யார் என்பது வரைக்கும் வெளியே வந்தது. (தலைமையாசிரியர் இதுநாள் வரை சந்தேகப்பட்டது வேறு பையனை.) கடைசியாகப் பேசிய பெண் ஆசிரியர்கள் பெயரை எல்லாம் சொல்லி நன்றி சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பி, "சத்துணவு டீச்சர், பதினொண்ணுல அங்க சோறு உண்டா?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். அவள் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. "இல்ல கண்ணு" என்று சொன்னேன்.

இந்தக் கடிதம் எழுதுவதே அதற்காகத்தான்.

எங்கள் பள்ளி பத்தோடு முடிகிறது. மேலே படிக்க வேண்டுமானால் மலைக்குள்ளேயே வேறு ஊருக்குப் பஸ் ஏற வேண்டும், இல்லை 70 கொண்டை ஊசி வளைவு இறங்கிக் கீழே போக வேண்டும். விடுதியில் இடம் கிடைத்த பிள்ளைக்குக் கவலையில்லை. கிடைக்காதது காலையில் முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அந்த நேரத்துக்குள் வீட்டில் உலை கொதித்திருக்காது. டப்பாவில் பழைய சோறு கொண்டுபோகக் கூச்சம். பதினாறு வயதுப் பிள்ளை சாயங்காலம் வீடு திரும்பும்வரை எதைத் தின்னும்? பத்து ரூபாய் பிஸ்கட்டும் குழாய்த் தண்ணீரும்தான்.

காமராஜர் 1956-ல் மதிய உணவைக் கொண்டுவந்தார். எம்.ஜி.ஆர். 1982-ல் சத்துணவாக்கினார், 1984-ல் 15 வயது வரையுள்ள பள்ளிப் பிள்ளைகளுக்கு நீட்டினார். கலைஞர் 1989-ல் முட்டை சேர்த்தார், 2010-ல் இருந்து பள்ளி நாள் ஐந்திலும் முட்டை. ஜெயலலிதா காலத்தில் கலவை சாதம் வந்தது. 2022-ல் தொடக்கப் பள்ளிக்குக் காலை உணவும் வந்துவிட்டது. ஆளுக்கொன்று கூட்டித்தான் கொடுத்திருக்கிறார்களே தவிர, யாரும் குறைக்கவில்லை. மத்திய அரசின் திட்டம் எட்டாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. ஒன்பதுக்கும் பத்துக்கும் மாநில அரசே தன் பணத்தில் போடுகிறது. இத்தனை செய்தவர்களுக்கு இன்னும் இரண்டு வகுப்பு பெரிய பாரமா? அந்த முட்டை விளைவதே எங்கள் நாமக்கல் மாவட்டத்தில்தான். மலை அடிவாரத்தில் இருந்து ஊர் ஊராக லாரியில் போகிறது.

பதினொன்றாம் வகுப்புக்கு அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். விலையில்லா சைக்கிள் தருகிறார்கள். சமவெளிப் பிள்ளைக்கு அது பெரிய உதவி. எங்கள் ஏற்றத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வரவே தனியாகச் சோறு தின்ன வேண்டும். கல்லூரியில் சேர்ந்துவிட்டால் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் என்று மாதம் 1,000 ரூபாய். அதுவும் நல்ல திட்டம்தான். பத்து வரைக்கும் சோறு, கல்லூரிக்குப் போனால் பணம், சரி. நடுவில் இருக்கிற அந்த இரண்டு வருடத்தைத் தாண்டினால்தானே கல்லூரி? எங்கள் பக்கம் பிள்ளைகள் படிப்பை விட்டுவிட்டு மிளகுக்கும் காப்பிக்கும் கூலி வேலைக்குப் போவது அங்கேதான் நடக்கிறது. சோறு இல்லாததால் மட்டும் நிற்கிறார்கள் என்று சொல்லவில்லை. பஸ் தவறுவது, வீட்டில் கடன், கல்யாணப் பேச்சு எல்லாம் சேர்ந்துதான். ஆனால் பசியும் அதில் ஒன்று என்பது அடுப்படியில் நிற்கிற எனக்குத் தெரியும்.

இதற்காகப் புதுக் கட்டடம் ஒன்றும் கட்ட வேண்டியதில்லை. மேல்நிலைப் பள்ளிகளில் ஆறு முதல் பத்து வரைக்கும் அதே வளாகத்தில் தினமும் சத்துணவு வெந்துகொண்டுதான் இருக்கிறது. எங்களிடம் படித்துவிட்டு இப்போது பன்னிரண்டில் இருக்கிற ஒரு பெண், சந்தையில் பார்த்தபோது சொன்னாள். அவள் தம்பியும் அதே பள்ளியில் எட்டாம் வகுப்பு. மதியம் அவன் தட்டை வாங்கிக்கொண்டு மரத்தடிக்கு வந்துவிடுவானாம். முட்டையை நூலால் பாதியாக அறுத்து ஆளுக்குப் பாதி. "அவன் சாதத்துல நான் தின்னா அவனுக்குப் பத்தல டீச்சர், அதனால இப்ப மதியம் லைப்ரரிக்குப் போயிடறேன்" என்றாள். அக்கா, தம்பி இரண்டு பேரும் ஒரே பள்ளி, ஒரே கேட் வழியாகத்தான் உள்ளே போகிறார்கள்.

கணக்காகவே சொல்கிறேன். ஆறாம் வகுப்புக்கு மேல் ஆளுக்கு 150 கிராம் அரிசி. இந்த ஒன்பது பேருக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு 1 கிலோ 350 கிராம், 9 முட்டை. கூடவே கொஞ்சம் பருப்பு, எண்ணெய், காய்கறி. தேர்வு முடிந்த மறுநாளில் இருந்து என் அளவில் இது குறைந்துவிடும்.

இதைச் செய்தால் எங்களுக்கு வேலை கூடும், அது உண்மைதான். பல மையங்களில் சமையலர் இடமும் உதவியாளர் இடமும் காலியாகக் கிடக்கின்றன. பதிவேடு எழுதுகிற அமைப்பாளரே வெங்காயமும் உரிக்க வேண்டியிருக்கிறது. காலி இடங்களை நிரப்பிவிட்டு இதையும் செய்யட்டும். நாங்கள் முடியாது என்று சொல்ல மாட்டோம்.

எல்லா ஊருக்கும் ஒரே நாளில் முடியாது என்றால் மலைப்பகுதிப் பள்ளிகளில் இருந்து தொடங்கலாம். ஜூன் மாதம் பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கை முடிவதற்குள் உத்தரவு வந்தால், எங்கள் ஒன்பது பேருக்குமே அது பயன்படும்.

அரசு வேலையில் இருப்பதால் என் பெயரையும் பள்ளியின் பெயரையும் போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சத்துணவு அமைப்பாளர் ஒருவர்,
கொல்லிமலை, நாமக்கல் மாவட்டம்.