அது வீடு கூட்டும் போட்டி இல்லை, சார்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன வாரம் உங்கள் விளையாட்டுப் பக்கத்தின் கீழ் மூலையில் கலப்பு இரட்டையர் கர்லிங் உலகப் போட்டியின் படம் ஒன்று போட்டிருந்தீர்கள். ஐஸ் தரையில் கல்லை வழுக்கவிட்டு வட்டத்தின் நடுவுக்குக் கிட்டே நிறுத்துவதுதான் கர்லிங், கலப்பு இரட்டையரில் அணிக்கு ஒரு ஆண், ஒரு பெண். ஒரு பெண் கல்லைத் தள்ளிவிட, முன்னால் ஒரு ஆண் குனிந்து துடைப்பம் மாதிரியான பிரஷ்ஷால் ஐஸ் தரையைத் தேய்க்கிறார். கீழே "கணவன்மார்கள் பார்த்துக் கற்றுக்கொள்ளவும்" என்று ஒரு வரி. யார் யாரோடு ஆடினார்கள், எந்த ஊரில், யார் ஜெயித்தார்கள், எதுவும் இல்லை. எனக்கும் சிரிப்பு வந்தது, பொய் சொல்லமாட்டேன். ஆனால் அந்த ஆட்டத்தை ராத்திரி கண்விழித்து செல்போனில் பார்க்கிற ஒருத்தி முத்தியால்பேட்டையில் இருக்கிறேன் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

முதலில், கலப்பு இரட்டையர் என்றாலே புருஷன் பொண்டாட்டி என்று எப்படி முடிவு கட்டினீர்கள்? 2024-ல் ஸ்வீடனின் எஸ்டர்சுண்ட் நகரில் பட்டம் வென்ற இசபெல்லாவும் ராஸ்மஸும் அண்ணன் தங்கை. அப்புறம் அந்தத் தேய்ப்பு. ஐஸ்மேல் நாம் வாசல் தெளிப்பதுபோல நீர்த்துளிகளைத் தெளித்து, அவை பொடிப்பொடி மேடாக உறைந்த பிறகுதான் ஆடுகிறார்கள். கல் அதன்மேல்தான் வழுக்கிப் போகிறது. முன்னால் வேகமாகத் தேய்த்தால் கல் இன்னும் கொஞ்ச தூரம் போகும், வளைவதும் குறையும். கல் என்ன லேசா? கிட்டத்தட்ட 20 கிலோ அரிசி மூட்டையின் எடை! நால்வர் ஆடும் கர்லிங்கில் தேய்ப்பதற்கென்றே இரண்டு பேர் கூட ஓடுவார்கள், இங்கே ஆளே இல்லாததால் பல சமயம் கல்லை விட்டவரே எழுந்து ஓடி அதைத் தேய்க்கிறார், ஆணும் சரி, பெண்ணும் சரி. ஒரு சுற்றில் அணிக்கு ஐந்து கல், முதலும் கடைசியும் ஒருவருக்கு, நடுவில் மூன்று மற்றவருக்கு. உங்கள் படத்தில் அந்தப் பெண் விட்டது கடைசிக் கல்லாக இருந்தால் மொத்த ஆட்டமும் அந்தக் கையில்தான் இருந்திருக்கும்.

நம்ம ஊருக்கு இது புரியாது என்று மட்டும் நினைக்காதீர்கள். என் சித்தப்பா ஒரு சொல்தா, பிரெஞ்சு ராணுவப் பென்ஷன்காரர். சாயங்காலமானால் இரும்புக் குண்டுகளோடு பெத்தாங் ஆடக் கிளம்பிவிடுவார் (குண்டை எறிந்து இலக்குக்குக் கிட்டே விழவைக்கிற பிரெஞ்சு ஆட்டம்), குனிய முடியாததால் கயிற்றில் கட்டிய காந்தத்தால் குண்டைத் தூக்குவார். ஒருநாள் என் போனை எட்டிப் பார்த்தார். இரண்டே கல் பார்த்திருப்பார், "இது பெத்தாங்தானே, ஐஸ்ல ஆடுறானுவ" என்றார். யார் குண்டு இலக்குக்குக் கிட்டே என்பதுதான் கணக்கு, எதிராளி குண்டை அடித்துத் தள்ளலாம், குறுக்கே ஒன்றை நிறுத்தி வழியை மறிக்கலாம், எல்லாம் அவருக்குத் தெரிந்ததுதான். நாலாவது கல் விடும்வரை யாருடைய கல்லையும் வெளியே தள்ளக்கூடாது என்று நான் சொன்னபோதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்ப ஆரம்பத்துல கூட்டம் சேர்த்துட்டு அப்புறம் அடிக்கணும், சரி சரி" என்றார். (அவர் ஆடுகிற இடத்தில் பெண்கள் யாரும் ஆடி நான் பார்த்ததில்லை. அது வேறு சண்டை, வீட்டிலேயே வைத்துக்கொள்கிறேன்.)

இந்த உலகப் போட்டி 2008-ல் பின்லாந்தில் தொடங்கியது. 2018-லிருந்து ஒலிம்பிக்கிலும் கலப்பு இரட்டையர் உண்டு. 2022-ல் பெய்ஜிங்கில் இத்தாலியின் கான்ஸ்தந்தினியும் மோசனெரும் ஆடிய 11 ஆட்டத்திலும் தோற்காமல் தங்கம் வாங்கினார்கள். நான் அரைப் பக்கம் கேட்கவில்லை. ஏப்ரல் வாக்கில் ஐ.பி.எல். செய்தி பக்கத்தையே நிரப்பிவிடும், தெரியும். இறுதி ஆட்டத்தின் ஸ்கோரும் ஆடியவர்கள் பெயரும் நாலு வரியில் போதும்.

சித்தப்பா செல்போனில் படிக்கமாட்டார், பேப்பர்தான். அன்றைக்கும் உங்கள் படத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "யாரும்மா ஜெயிச்சது?" என்று என்னைத்தான் கேட்டார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி.