பேய் பேசட்டுமே

பெரியகுளம்
தை மாதம், வெள்ளிக்கிழமை

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் பொங்கலுக்கு மறுநாள் வந்தது. முழங்கால் ஆபரேஷனை மறுபடியும் தள்ளிப்போட்டிருக்கிறாய். முப்பது வருஷம் அடுத்தவர்களுக்கு ஊசி போட்டவள் தனக்கென்றதும் ஓடி ஒளிகிறாள் என்பதை வெளியே சொல்லிவிடாதே, சிரிப்பார்கள். இங்கே எல்லாரும் சௌக்கியம். கிணற்றில் தண்ணீர் இருக்கிறது. மாமரம் நன்றாகப் பூத்திருக்கிறது. போன வருஷம் மாதிரி பனியில் கருகிக் கொட்டாமல் இருந்தால் உனக்கு வடு உண்டு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மகள் வீட்டில் உட்கார்ந்து அந்தப் பேய்த் தொடரைப் பார்த்துவிட்டு நாலு பக்கம் கோபமாக எழுதியிருக்கிறாயே, அதை இரண்டு தடவை படித்தேன். “கண்ணைச் செருகி, கழுத்தைத் திருப்பி, சுவரில் ஏறினால் பேயாம். என் மனநல வார்டில் இருந்த பிள்ளைகளைக் கண்டு ஊர் ஒதுங்கியதற்கு இந்தக் கூத்துதான் காரணம். எல்லாவற்றையும் தடை செய்ய வேண்டும்” என்கிறாய். பாதிக்கு நான் உன் பக்கம். மீதிப் பாதியில் உன்னோடு சண்டை போடத்தான் இந்தக் கடிதம்.

முதலில் ஒன்று. டூரிங் டாக்கீஸ் மணலில் உட்கார்ந்து ‘ஜகன்மோகினி’ பார்த்தோமே, நினைவிருக்கிறதா? 1978இல் வந்த விட்டலாச்சார்யா படம். விறகு இல்லையென்று மோகினி தன் காலையே அடுப்புக்குள் நீட்டி எரிய விடுவாள். நீ என் தாவணியைக் கடித்துக் கிழித்தாய். ஆனால் மறுநாள் காலை ஹாஸ்டல் சமையல்கட்டில் ஆயா அடுப்பு ஊதிக்கொண்டிருந்தபோது, “காலை நீட்டுங்க ஆயா, சீக்கிரம் கொதிக்கும்” என்று சொல்லி அடி வாங்கியவளும் நீதான். ராத்திரி பயம், காலையில் சிரிப்பு. நம் ஊரில் பேய் எப்போதும் இப்படித்தான். கலிங்கத்துப்பரணி பாடம் நடத்தும்போதெல்லாம் எனக்கு அந்த ஆயா ஞாபகம் வரும். ஏறக்குறைய 900 வருஷத்துக்கு முன்பு செயங்கொண்டார் போர்க்களத்திலேயே பேய்களுக்குக் கூழ் காய்ச்சிப் பந்தி போட்டுவிட்டார். குருட்டுப் பேய்க்கு ஒரு கவனிப்பு, ஊமைப் பேய்க்கு ஒரு கவனிப்பு, பார்ப்பனப் பேய், சமணப் பேய் என்று ஆளுக்கு ஏற்ற பரிமாறல். இன்றைக்குப் பேயும் காமெடியும் கலந்து வரும் படங்களை விமர்சகர்கள் ஏதோ புதுச் சரக்கு மாதிரி எழுதும்போது, பழைய தமிழ் வாத்தியாரம்மாவுக்குக் கொஞ்சம் எரிச்சல் வருகிறது.

உன் கோபத்துக்கு என் பதில் சினிமாவில் இல்லை, எங்கள் வீட்டு முற்றத்தில் இருக்கிறது. இதை உன்னிடம் முழுசாகச் சொன்னதில்லை. சின்னச் சித்தப்பாவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த சித்திக்குக் கல்யாணமாகி ஒரு வருஷத்தில் பேய் பிடித்தது. கிணற்றடிக்குப் போய் வந்தவள் பேச்சை நிறுத்தினாள். சோறு இறங்கவில்லை. மூன்று வாரம் கழித்து, உடுக்கை அடித்துப் பேயோட்டும் கோடாங்கியைக் கூட்டி வந்தார்கள். எனக்கு அப்போது ஒன்பது வயது. திண்ணைத் தூணைக் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்தேன்.

உடுக்கைச் சத்தம் வயிற்றுக்குள் அடிக்கும், கேட்டிருக்கிறாய் அல்லவா? சாம்பிராணிப் புகையில் சித்தி தலைவிரிகோலமாக உட்கார்ந்திருந்தாள். கோடாங்கி திருநீற்றை வீசி, “யார் நீ? எந்த ஊரு?” என்று கேட்கிறார், கேட்கிறார், கேட்டுக்கொண்டே இருக்கிறார். அரைமணி நேரம் அந்த ஒரே கேள்விதான். கடைசியில் சித்தி வாயைத் திறந்தாள். பக்கத்து ஊரில் கிணற்றில் விழுந்து செத்த பெண் என்றாள். “என்ன வேணும்?” கருவாட்டுக் குழம்பும் ஒரு முழம் கனகாம்பரமும் வேண்டுமாம். அப்புறம் மெதுவாகத் திரும்பி எங்கள் அப்பத்தாவைப் பார்த்து, “ஏ கிழவி, சாவிக்கொத்தை இடுப்புல சொருகிக்கிட்டே சாகப் போறியா? பசிச்ச வயித்துக்கு உலையில போட அரிசி அளந்து குடுக்குறியேடி” என்றது. கூட்டத்தில் ஒருத்தரும் மூச்சு விடவில்லை. அப்பத்தாவை நேருக்கு நேர் பார்த்துப் பேச எங்கள் அப்பாவுக்கே தைரியம் கிடையாது.

பிறகு பேரம். “குடுத்தா போயிருவியா?” “போறேன்.” “சத்தியம்?” “சத்தியம்.” உச்சிமுடியில் ஒரு கொத்தை முடிச்சுப் போட்டு, தலையில் கல்லை ஏற்றி, ஊருக்கு வெளியே புளியமரம் வரை ஓட விட்டார்கள். அங்கே கல்லைப் போட்டாள். முடியை அறுத்து மரத்தில் வைத்து ஆணி அடித்தார்கள். அவ்வளவுதான். அந்த ஆடிக்குள் அரிசிக் குலுக்கையின் சாவி சித்தியின் இடுப்பில் இருந்தது. அப்பத்தா அதைப் பற்றிக் கடைசிவரை ஒரு வார்த்தை பேசவில்லை.

நீ இதற்கு மருத்துவப் பெயர் ஒன்று வைத்திருப்பாய். இருக்கட்டும். அந்த ஊரில் அந்த வருஷம் அந்தப் பெண்ணிடம் “உனக்கு என்ன வேணும்?” என்று கேட்டது கோடாங்கி ஒருத்தர்தான். கேட்டதும் அவளிடம் இல்லை, அவள் மேல் இருந்த பேயிடம். அவளிடம் நேராகக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

இதனால்தான் எனக்கு வெள்ளைக்காரப் பேய்ப்படங்கள் ஒட்டவே இல்லை. பேரன் லீவுக்கு வந்தபோது ‘எக்ஸார்சிஸ்ட்’ போட்டுக் காட்டினான். 1973 டிசம்பரில் வந்த படம். வில்லியம் பீட்டர் பிளாட்டி எழுதிய நாவலுக்கு மூலம், 1949இல் அமெரிக்காவில் ஒரு பையனுக்குப் பாதிரிமார்கள் பேய் ஓட்டிய சம்பவம். கதையில் பன்னிரண்டு வயதுப் பெண்ணாக்கிவிட்டார்கள். மூச்சு புகையாகத் தெரிய வேண்டுமென்று செட்டையே உறைகிற மாதிரிக் குளிரவைத்தார்களாம். வாந்திக்குப் பட்டாணிச் சூப். வேலை சுத்தம், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பிசாசுக்கு எந்த ஊர், என்ன குறை, ஒரு முழம் பூ வேண்டுமா, எதுவும் இல்லை. பேயோட்ட வருகிற மூத்த பாதிரியார் அதோடு பேச்சே வைத்துக்கொள்ள மாட்டார். வெளியே போ, வெளியே போ, அவ்வளவுதான்.

அந்தப் பிசாசின் பெயர் பஸூஸூ. பழைய மெசபொட்டேமியாவில் இந்த பஸூஸூவின் கோரமான தலையைத் தாயத்தாகக் கட்டிக்கொள்வார்களாம், கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைகளையும் வாட்டும் லமாஷ்டு என்ற இன்னொரு பேயை விரட்ட. கெட்டதுக்குக் கெட்டது காவல். நம் வீடு கட்டும்போது நாக்கைத் துருத்திக்கொண்டு தொங்கும் திருஷ்டி பொம்மை மாதிரி வைத்துக்கொள்ளேன். காவல்காரனைக் கொண்டுபோய்க் குழந்தை மேல் ஏற்றிவிட்டார்கள்! எனக்கு அந்தப் பெண்ணைவிட பஸூஸூ மேல்தான் பரிதாபம் வந்தது.

அந்தப் படத்தில் எனக்குப் பிடித்தது குரல். நடித்தது சிறுமி லிண்டா பிளேர், பிசாசுக்குக் குரல் கொடுத்தது மெர்சிடிஸ் மெக்கேம்பிரிட்ஜ் என்ற மூத்த நடிகை. முதலில் அவர் பெயரையே போடவில்லை, சண்டை பிடித்துத்தான் வாங்கினார். இதே கதை நம் பக்கத்திலும் நடந்திருக்கிறது, கேள். மலையாள ‘மணிச்சித்திரத்தாழ்’ 1993இல் வந்தது. ஷோபனா நடித்த கதாநாயகி கங்காவுக்குக் குரல் பாக்யலட்சுமி. அவள் நாகவல்லி என்ற பேயாக மாறும்போது வருகிற குரல் தமிழ் டப்பிங் கலைஞர் துர்காவுடையது. இருபது வருஷத்துக்கு மேல் எல்லாரும் இரண்டும் ஒரே ஆள் என்றே நினைத்திருந்தார்கள். 2016இல்தான் இயக்குநர் ஃபாசில் விஷயத்தைச் சொன்னார். ஷோபனாவின் ஒரே உடம்புக்குள் இரண்டு பெண்களின் தொண்டை. பேய் பிடிப்பதென்றால் வேறென்ன?

இன்னொரு வேடிக்கை. மலையாளத்தில் அந்தப் பேய் தஞ்சாவூர் நாட்டியக்காரி, தமிழ் பேசுவாள். அதையே நாம் 2005இல் ‘சந்திரமுகி’யாக எடுத்தபோது தெலுங்கு பேசினாள். இந்திக்குப் போனதும் வங்காளி ஆகிவிட்டாள். எந்த வீட்டிலும் பேய் அடுத்த வீட்டு பாஷைதான் பேசுகிறது! நம் ஜனங்கள் நாகவல்லியின் தமிழைக் கேட்டுப் பயந்திருக்க மாட்டார்கள், ஊர்க்காரி என்று சோறு போட்டிருப்பார்கள்.

நீ ‘சந்திரமுகி’யை ஒத்துக்கொள்வாய், பேய் இல்லை, மனநோய் என்று சொல்லிவிடுகிறார்களே. சென்னை சாந்தி தியேட்டரில் 800 நாளுக்கு மேல் ஓடியது. உன்னைப் போன்றவர்கள் பேசிப் பேசிப் புரியவைக்க முடியாததை அது ஒரே நாளில் புரியவைத்தது என்று நீயே ஒருமுறை எழுதியிருந்தாய். ஆனால் கிளைமாக்ஸைக் கவனி. அமெரிக்காவிலிருந்து வந்த மனநல டாக்டர் மாத்திரையா கொடுக்கிறார்? சந்திரமுகி பழிவாங்கத் துடிக்கும் ராஜா வேட்டையனைக் கொன்றுவிட்டதாக அவளை நம்பவைத்து ஒரு பொம்மையைப் பலி கொடுக்கிறார். எங்கள் கோடாங்கி செய்ததுதான். என்ன வேணும் என்று கேட்டார், கொடுத்தார், அனுப்பினார்.

நம் படங்களில் இடைவேளைக்குப் பிறகு ஒரு ஃப்ளாஷ்பேக் வருமே, பேய் எப்படிச் செத்தது என்று, அதைப் பார்த்து நீ கேலி செய்கிறாய். எனக்கு அது பேயின் வாக்குமூலம். ‘காஞ்சனா’வில் சரத்குமார் திருநங்கையாக வருவாரே, அவள் நிலத்தைப் பறித்துக் கொன்றுவிடுவார்கள். உயிரோடு இருந்தவரை எடுபடாத அவள் பேச்சை, லாரன்ஸ் உடம்பில் ஏறி வந்தபிறகு தியேட்டர் முழுக்க உட்கார்ந்து கேட்டது. அந்தப் படத்தில் கத்தலும் அடிதடியும் எனக்குத் தலைவலிதான், ஆனால் அந்த அரைமணி நேரத்துக்காக மன்னித்தேன். இப்போது வருகிறவற்றில் அதையும் வெட்டிவிட்டார்கள். பேய்க்கு ஊர் இல்லை, பேர் இல்லை, கதவைச் சாத்துகிறது, கூரையில் நடக்கிறது, டொம்மென்று ஒரு சத்தம். காதைப் பொத்திக்கொண்டால் பயம் போய்விடுகிறது. பேசுகிற பேயை அப்படி விரட்ட முடியாது.

ஆனால் பேசினால் மட்டும் நம்பிவிடுகிறோமா? பழையனூர் நீலியை எடுத்துக்கொள். திருவாலங்காட்டுப் பக்கம். புருஷன் கையால் செத்தவள், மறுபிறப்பில் அவனைத் தேடி வருகிறாள். கள்ளிக்கொம்பைப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வேளாளர் சபையில் நின்று, இவன் என் கணவன், கைவிடுகிறான் என்று அழுகிறாள். அவன் பேய் என்று கதறுகிறான். உன் உயிருக்கு நாங்கள் பொறுப்பு என்று எழுபது பேரும் வாக்குக் கொடுக்கிறார்கள். விடிந்தால் அவன் பிணம். சொன்ன சொல்லுக்காக எழுபது பேரும் தீயில் இறங்குகிறார்கள். ஊர் அவர்களைக் கொண்டாடியது. நீலிக்குக் கிடைத்தது என்ன? “நீலிக் கண்ணீர்.” கொலையுண்டவளின் அழுகைதான் நம் பாஷையில் பொய் அழுகைக்குப் பெயர். வகுப்பில் அந்தச் சொல்லுக்குப் பொருள் சொல்லும்போதெல்லாம் எனக்கு ஒரு மாதிரி இருக்கும். தெற்கே போனால் அவளையே இசக்கியோடு சேர்த்துக் கும்பிடுகிறார்கள், முப்பந்தலில் பொங்கல் வைக்கிறார்கள். பஸூஸூவுக்கு யார் பொங்கல் வைப்பார்?

உன் பக்கம் நான் நிற்கும் பாதி இதுதான். 2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடி. தனியார் மனநலக் காப்பகத்துக் கொட்டகையில் சங்கிலியில் கட்டிப்போட்டிருந்தவர்கள் தீயில் மாட்டி 28 பேர் செத்தார்கள். அன்று ராத்திரி நீ எனக்கு போன் செய்து பேசாமலேயே அழுதாய். சங்கிலி போட்டவர்கள் யாரும் அவர்களிடம் என்ன வேணும் என்று கேட்டிருக்க மாட்டார்கள். சாட்டையும் மிளகாய்ப் புகையுமாகப் பேயோட்டுகிற இடங்கள் எனக்கும் தெரியும். அங்கே பேரம் கிடையாது, அடிதான். அதைப் படத்தில் மந்திரசக்தி மாதிரிக் காட்டுகிறவனை நீ எவ்வளவு திட்டினாலும் நான் சேர்ந்து திட்டுவேன். உடம்பு சரியில்லாத பிள்ளையைக் கோடாங்கியிடமே வைத்துக்கொண்டிருக்கச் சொல்லவும் மாட்டேன். என் தங்கை மகனை உன்னிடம்தானே அனுப்பினேன்.

போன மாதம் சித்தியைப் பார்க்கப் போனேன். எண்பதைத் தாண்டிவிட்டாள். மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷம் கேட்காததைக் கேட்டுவிட்டேன், “சித்தி, அன்னைக்கு நெசமாவே பேயா?” தலையைத் தூக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “கருவாட்டுக் குழம்பு வச்சாங்கள்ல, அதுல உப்புக் கூட” என்றாள். அப்புறம் சிரித்தாள் பார், நானும் சிரித்துவிட்டேன். கிளம்பும்போது ஒரு படி மொச்சை கொடுத்தாள். சாவிக்கொத்து இப்போது மருமகளிடம் இருக்கிறது. தானாகவே கொடுத்துவிட்டாளாம்.

பங்குனியில் வா. ஆபரேஷன் தேதியை முடிவு செய்துவிட்டு வா, அதற்கு முன்னால் வந்தால் வாசலிலேயே நிறுத்தி வேப்பிலை அடிப்பேன். பேரனுக்கு நீ ஊறுகாய் பாட்டி, வரும்போது அந்த நார்த்தங்காயை மறக்காதே.

உன்,
வசந்தா